செம்புள்ளிக் குறிநோக்கியும் இரும்புக் குறியும்

கைத்துப்பாக்கியால் குறி பார்ப்பவருடைய கண் ஒரே சமயத்தில் மூன்று பொருள்களைக் காணவேண்டியிருக்கிறது. துப்பாக்கியின் பின்முனையில் பிளவு வெட்டப்பட்ட பின்குறி ஒன்று. குழல் முனைக்கு அருகே நிற்கும் முன்குறி மற்றொன்று. 10 மீட்டரிலோ 25 மீட்டரிலோ உள்ள இலக்கு மூன்றாவது. தேசிய மாணவர் படையில் பயிற்சி அளிக்கும் ஆசிரியர்கள் இவற்றுள் முதல் இரண்டையும் பேக்சைட், ஃபோர்சைட் என்ற பெயர்களால் நன்கறிவர். உலோகத்தால் ஆன இவ்விரண்டும் சேர்ந்ததே இரும்புக் குறி எனப்படுவது.

மனிதக் கண்ணின் வில்லை ஒரு சமயத்தில் ஒரு தூரத்திற்கே தெளிவாகக் குவியும். கையை நீட்டிப் பிடித்த நிலையில் பின்குறி கண்ணிலிருந்து ஏறத்தாழ 60 சென்டிமீட்டரிலும், முன்குறி அதற்கு ஒரு சாண் அப்பாலும், இலக்கு பல மீட்டர் தொலைவிலும் இருக்கின்றன. மூன்றையும் தெளிவாகக் காண்பது எவர்க்கும் இயலாத காரியம். ஆகையால், முன்குறியின் விளிம்பைத் தெளிவாகக் காண்க, பின்குறியும் இலக்கும் சற்று மங்கியிருக்கட்டும் என்பதே பயிற்சியாளர்கள் தொன்றுதொட்டுக் கற்பித்துவரும் விதி. இளங்கண்ணுக்கு இது பழக்கத்தால் கைவருவதே. நாற்பத்தைந்து வயதிற்குப் பிறகு வெள்ளெழுத்துத் தோன்றத் தொடங்கியதும் நிலைமை மாறுகிறது. முதலில் புத்தக எழுத்தும், பின்னர் சில ஆண்டுகளில் நீட்டிய கையின் நுனியில் உள்ள முன்குறியும் தெளிவை இழக்கின்றன. கைந்நடுக்கமோ மனத்தளர்ச்சியோ இல்லாத அனுபவசாலியான வீரர் ஒருவர் கண்ணின் இச்சிறு குறையினாலேயே புள்ளிகளை இழப்பது எந்நாட்டுச் சுடுதளத்திலும் காணக்கூடியதே.

இக்குறைக்கு ஒளியியல் அளித்துள்ள விடைதான், ஆட்டக்காரர்கள் ‘ரெட் டாட்’ என்று வழங்கும் செம்புள்ளிக் குறிநோக்கி. துப்பாக்கியின் மேல் பொருத்தப்பட்ட சிறு கண்ணாடிச் சாளரத்தின் வழியே நோக்கினால் இலக்கின்மீது ஒரு செந்நிறப் புள்ளி நிற்பதுபோல் தோன்றும். புள்ளி நிற்கும் இடத்தில் குண்டு படும். முன்குறி, பின்குறி, இலக்கு என்ற மூன்றுக்குப் பதிலாகக் காணவேண்டியவை இரண்டே. அவ்விரண்டும் கண்ணுக்கு ஒரே தூரத்தில் இருப்பனவாகத் தோன்றுகின்றன.

திரைப்படங்களைக் கண்டு பழகியோர் இக்கருவியை லேசர் என்று எண்ணிவிடுவதுண்டு. இரண்டும் முற்றிலும் வேறானவை. லேசர்க் கருவி ஒளிக்கற்றையை இலக்கின்மீது வீசுகிறது. அதனை எவரும் காணலாம். செம்புள்ளிக் குறிநோக்கியோ வெளியே எதனையும் வீசுவதில்லை. அதன் ஒளி சுடுபவரின் கண்ணை நோக்கியே திரும்புகிறது. இலக்கின் அருகில் நிற்பவர் அப்புள்ளியைக் காணமாட்டார்.

புள்ளி தோன்றும் விதம்

இதன் அடிப்படைத் தத்துவம் புதியதன்று. அயர்லாந்தின் டப்ளின் நகரில் வானியல் தொலைநோக்கிகள் செய்து புகழ்பெற்ற ஸர் ஹோவர்டு கிரப் 1900-ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை கோரினார். அடுத்த ஆண்டு ராயல் டப்ளின் சங்கத்தின் வெளியீட்டில் இதனை விளக்கியும் எழுதினார். அவருடைய தொழிற்சாலையின் கைவண்ணம் நம் நாட்டிற்கும் அந்நியமானதன்று. புனேயிலிருந்த மகாராஜா தக்தசிங்ஜி வானோக்ககத்திற்காக அங்குச் செய்யப்பட்ட ஆடித் தொலைநோக்கி 1912-ல் கொடைக்கானலுக்குக் கொண்டுவரப்பட்டது.

கிரப் கண்ட உண்மை எளியது. ஒரு குழியாடியின், அல்லது குவிவில்லையின், குவியத்தில் ஒளிப்புள்ளி ஒன்றை வைத்தால் அதினின்று புறப்படும் கதிர்கள் ஆடியில் பட்டபின் ஒன்றுக்கொன்று இணையாகச் செல்கின்றன. இணையாக வரும் கதிர்களைக் கண் அளவற்ற தூரத்திலிருந்து வருவனவாகவே கொள்கிறது. விண்மீனின் ஒளி நமக்கு வருவதும் அவ்வாறே. ஆடி ஒளியைப் பாதி திருப்பிப் பாதி உள்ளே விடுவதாயின் கண், இலக்கையும் அதன்மேல் ‘விண்மீன்’ ஒன்றையும் சேர்த்தே காணும்.

1918-ல் ஜெர்மானியப் போர் விமானங்கள் சிலவற்றில் இவ்வகைக் குறிநோக்கி வைத்துப் பார்க்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் விமானங்களில் பரவலாகவே இடம்பெற்றது. எனினும் அக்காலத்து மின்விளக்கும் அதற்கான மின்சாரமும் கையடக்கக் கருவிக்குப் பொருந்துவனவாக இல்லை. ஒளி உமிழும் டயோடு வந்த பின்னரே வழி பிறந்தது. 1975-ல் சுவீடன் நாட்டு ‘எய்ம்பாயிண்ட்’ நிறுவனம் டயோடைக் கொண்ட முதல் மின்னணுச் செம்புள்ளிக் குறிநோக்கியை விற்பனைக்குக் கொணர்ந்தது.

இன்றைய கருவியில் டயோடு, சாளரத்திற்குப் பின்னால் தாழ்ந்து ஒரு மூலையில் அமர்ந்திருக்கிறது. சாளரக் கண்ணாடியின் வளைந்த முகத்தில், டயோடு உமிழும் செந்நிறத்தை மட்டும் திருப்பி அனுப்பி ஏனைய நிறங்களை உள்ளே விடும் மிக மெல்லிய பூச்சுகள் படியவைக்கப்பட்டுள்ளன. சிவப்பின் ஒரு பகுதி கழிந்துவிடுவதால்தான் இவ்வகைக் கண்ணாடி வழியே காணும் காட்சி சற்று நீலம் பாரித்துத் தோன்றுகிறது. மின்செலவு மிகக் குறைவு. மூன்று வோல்ட் நாணய வடிவ மின்கலம் ஒன்றின் கொள்ளளவு சுமார் 220 மில்லி ஆம்பியர்-மணி. டயோடு 10 மைக்ரோ ஆம்பியர் எடுத்துக்கொள்ளுமானால் 22,000 மணி நேரம், அதாவது இரண்டரை ஆண்டு, ஓயாது எரியும். ஒளியைக் கூட்டினால் இக்கணக்குச் சுருங்கிவிடும் என்பதையும் மறத்தலாகாது.

பிழையின் கணக்கு

இரும்புக் குறிக்கும் செம்புள்ளிக்கும் உள்ள மெய்யான வேற்றுமையை எண்களே நன்கு விளக்கும். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 160 மி.மீ. இருப்பதாகக் கொள்வோம். பிளவின் நடுவில் நிற்கவேண்டிய முன்குறி 1 மி.மீ. விலகி நின்றால் 25 மீட்டர் தொலைவில் குண்டு 156 மி.மீ. விலகிப்படும். பத்து மீட்டர்க் காற்றுக் கைத்துப்பாக்கியில் இவ்விடைத்தூரம் கூடுதல், 350 மி.மீ. எனக் கொள்ளலாம். அங்கும், 0.2 மி.மீ. பிசகினால் 5.7 மி.மீ. விலகல் நேர்கிறது. அவ்விலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. மட்டுமே. நடுப்புள்ளியில் படவேண்டியது, தலைமயிர் இரண்டு மூன்றின் கனமே உள்ள பிசகால் வளையத்தின் விளிம்பிற்குப் போய்விடுகிறது.

இதற்கு மாறாக, துப்பாக்கி சிறிதும் சாயாமல் முழுவதுமாக 2 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால் குண்டும் 2 மி.மீ. மட்டுமே நகரும். ஆகவே கெடுப்பது நகர்வன்று, சாய்வே. மாணவர்களுக்கு முதலில் உணர்த்தவேண்டிய உண்மை இதுவே.

செம்புள்ளி இச்சாய்வைத் திருத்திவிடுகிறது என்று கருதுவோர் உளர். அது தவறு. சாய்வைத் திருத்துவதில்லை, காட்டிக்கொடுக்கிறது. மேற்சொன்ன துப்பாக்கி அதே அளவு சாய்ந்தால், புள்ளியும் 25 மீட்டர் இலக்கில் 156 மி.மீ. விலகி நின்று கண்ணெதிரே பிழையைச் சொல்லிவிடும். நுண்ணிய இடைவெளிகளை ஒப்பிட்டு ஊகிக்கவேண்டிய வேலை ஒழிகிறது.

கண் சாளரத்தின் நடுவில் இல்லாமல் ஓரமாக நின்றால் என்ன ஆகும்? புள்ளியின் கதிர்கள் இணையாக வருவதால், கண் 10 மி.மீ. விலகியிருப்பின் குண்டு படும் இடத்திற்கும் புள்ளி தோன்றும் இடத்திற்கும் உள்ள வேற்றுமையும் 10 மி.மீ. தான், இலக்கு எவ்வளவு தொலைவில் இருப்பினும் அதற்குமேல் போகாது. நல்ல கருவிகளின் நிலை இது. மலிவானவற்றில் சாளரத்தின் விளிம்பருகே கதிர்கள் முற்றிலும் இணையாக வாராமையால் இடமாறு தோற்றப்பிழை சற்று மிகும். விரைவுப் போட்டியில் இதனைப் பொருட்படுத்தவேண்டியதில்லை. நிதானமாகச் சுடும் போட்டியில் புள்ளியை நடுவிலேயே வைத்துக்கொள்வது நன்று.

புள்ளியின் அளவைக் கோணத்தால் குறிப்பர். ஒரு பாகையின் அறுபதில் ஒரு கூறான ‘கலை’, 25 மீட்டரில் 7.3 மி.மீ. இடத்தை மறைக்கும். மூன்று கலைப் புள்ளி 22 மி.மீ., ஆறு கலைப் புள்ளி 44 மி.மீ. மறைக்கும். 25 மீட்டர் நுண்சுடு இலக்கின் பத்தாம் வளையம் 50 மி.மீ. விட்டமுடையதாகையால், பெரிய புள்ளி ஏறத்தாழ அவ்வளையத்தையே மூடிவிடுகிறது. நிதானப் போட்டிக்குச் சிறு புள்ளியும், கண நேரத்தில் கண்டுபிடிக்கவேண்டிய விரைவுப் போட்டிக்குப் பெரிய புள்ளியும் விரும்பப்படுவதன் காரணம் இதுவே.

வகுப்பறையில் ஒரு சோதனை

துப்பாக்கி ஏதுமின்றியே இத்தத்துவத்தைப் பள்ளியில் காட்டலாம். வேண்டியவை: 20 செ.மீ. குவியத் தூரமுள்ள ஒரு குவிவில்லை, ஊசித்துளையிட்ட கறுப்புத்தாள் ஒட்டிய ஒரு கைவிளக்கு, சிவப்புக் கண்ணாடித்தாள், ஒரு சாதாரணச் சன்னல் கண்ணாடித் துண்டு. முதலில் தூரத்து மரத்தின் பிம்பத்தை வில்லையால் ஒரு தாளில் விழச்செய்து குவியத் தூரத்தைச் சரியாக அளந்துகொள்ளவேண்டும். அத்தூரத்தில் ஊசித்துளையை வைத்து, வில்லைக்கு மறுபுறம் கண்ணாடித் துண்டை 45 பாகை சாய்வாக நிறுத்துக. அறை சற்று இருண்டிருத்தல் நலம். கண்ணாடியின் வழியே 8 மீட்டர் தொலைவிலுள்ள சுவரை நோக்கும் மாணவனுக்குச் சிவந்த புள்ளியொன்று சுவரில் நிற்பதாகத் தோன்றும். அவன் தலையை 2 செ.மீ. பக்கவாட்டில் நகர்த்தினால் புள்ளியும் அதே பக்கமாக 2 செ.மீ. அளவே நகரும்.

இப்போது ஊசித்துளையை வில்லைக்கு அருகே 15 செ.மீ. தூரத்திற்குக் கொண்டுவருக. ஒளிப்புள்ளியின் மாயபிம்பம் அளவற்ற தூரத்தை விட்டு வில்லைக்கு அப்பால் 60 செ.மீ. தூரத்திற்கு வந்துவிடும். கண்ணுக்கும் வில்லைக்கும் இடையே ஒளி செல்லும் வழி 30 செ.மீ. எனின், தலை 2 செ.மீ. அசைந்தவுடன் புள்ளி சுவரில் 15 செ.மீ.க்கும் மேலாக, அதுவும் எதிர்ப்பக்கமாக ஓடும். இடமாறு தோற்றத்தைப் பலகையில் படம் போட்டு விளக்குவதைவிட இந்த ஓட்டம் மாணவர் மனத்தில் ஆழப் பதியும். லேசர் விளக்கை இதற்குப் பயன்படுத்தலாகாது. அதன் கதிர் கண்ணில் நேரே பாயும்.

போட்டிகளில் வந்த வரலாறு

ஓடியும் நகர்ந்தும் பல இலக்குகளைச் சுடும் ‘நடைமுறைச் சுடுதல்’ போட்டிக்கான சர்வதேசக் கூட்டமைப்பு (ஐ.பி.எஸ்.ஸி.) 1976-ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்திலுள்ள கொலம்பியாவில் தோன்றியது. அதன் உலகப் போட்டி 1990-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் நடைபெற்றபோது அமெரிக்கரான டக் கேனிக் செம்புள்ளிக் குறிநோக்கியுடன் வெற்றி பெற்றார். உலகப் போட்டியில் இக்கருவியால் பெற்ற முதல் வெற்றி அது. இரும்புக் குறியோடு ஒரே வரிசையில் இதனைப் போட்டியிடவைப்பது முறையாகாது என்ற எண்ணம் வலுப்பெற்றது. சில ஆண்டுகளில் கருவிக்கேற்ப வகுப்புகள் பிரிக்கப்பட்டன. ‘ஓப்பன்’ வகுப்பில் ஒளியியல் கருவி அனுமதிக்கப்படுகிறது. ‘ஸ்டாண்டர்டு’ வகுப்பில் இரும்புக் குறியே. தொழிற்சாலையிலிருந்து வரும் சாதாரணக் கைத்துப்பாக்கிக்கென ‘புரொடக்ஷன்’ வகுப்பும், பிற்காலத்தில் அதே துப்பாக்கியில் சிறு குறிநோக்கியைப் பொருத்திக்கொள்ள ‘புரொடக்ஷன் ஆப்டிக்ஸ்’ வகுப்பும் ஏற்பட்டன.

அமெரிக்காவில் ஒரு கையால் 25, 50 கஜத் தொலைவுகளில் சுடும் பழைய ‘புல்ஸ்ஐ’ போட்டியிலும் இக்கருவிக்கு இடமுண்டு. அங்கு வயது முதிர்ந்த ஆட்டக்காரர் மிகுதி. அவர்களுள் பலர் சுடுதளத்தை விட்டு விலகாமலிருக்க இப்புள்ளியே துணைசெய்கிறது.

ஒலிம்பிக் போட்டிகளின் நிலை முற்றிலும் வேறு. சர்வதேசச் சுடும் விளையாட்டுச் சம்மேளனத்தின் (ஐ.எஸ்.எஸ்.எஃப்.) விதிப்படி கைத்துப்பாக்கிப் போட்டிகளில் திறந்த குறி மட்டுமே அனுமதிக்கப்படும், ஒளியியல் குறி, ஆடிக் குறி, மின்னணுப் புள்ளி யாவும் விலக்கப்பட்டவை. குறியின்மேல் திருத்தவில்லை பொருத்துவதும் கூடாது. சுடுபவர் தம் கண்ணில் மூக்குக்கண்ணாடி அணிந்துகொள்ளலாம். 2012-ல் லண்டனில் 25 மீட்டர் விரைவுப் போட்டியில் விஜய் குமார் வெள்ளிப் பதக்கம் பெற்றதும், 2024-ல் பாரிஸில் 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கியில் மனு பாக்கர் வெண்கலம் பெற்றதும் திறந்த குறியைக் கொண்டே. பள்ளி மாணவரை இவ்வழியில் செலுத்த விரும்பும் ஆசிரியர் விலையுயர்ந்த செம்புள்ளிக் கருவி வாங்குவதற்கு முன் இதனை எண்ணிப்பார்த்தல் வேண்டும். மாணவன் பயிலவேண்டிய திறமை முன்குறியையும் பின்குறியையும் நேர்நிறுத்துவதாகும். அத்திறமையைப் புள்ளி கற்பிப்பதில்லை.

இரும்புக் குறி உடன் இருக்கவேண்டுமா?

செம்புள்ளி அனுமதிக்கப்படும் வகுப்புகளில் ஆட்டக்காரரிடையே ஓயாத விவாதம் ஒன்றுண்டு. குறிநோக்கியைப் பொருத்திய பின் இரும்புக் குறியையும் வைத்துக்கொள்வதா, கழற்றிவிடுவதா? இதற்கு விடை காணக் கருவி எங்கே பொருத்தப்படுகிறது என்பதை முதலில் நோக்கவேண்டும்.

‘ஓப்பன்’ வகுப்புத் துப்பாக்கியில் குறிநோக்கி உடற்சட்டத்தில் திருகப்பட்ட ஒரு தாங்கியின்மேல் அசையாது நிற்கிறது. சுடும்போது பின்னோடித் திரும்பும் ‘ஸ்லைடு’ எனும் மேற்பகுதி அதன் அடியில் இயங்குகிறது. தாங்கியும் கருவியும் பார்வையை மறைப்பதால் இரும்புக் குறி இருந்தும் பயன் இல்லை; பெரும்பாலும் அது இருப்பதுமில்லை. இங்கு விவாதத்திற்கே இடம் கிடையாது. ஸ்லைடின்மேலேயே பொருத்தப்படும் சிறு கருவியில்தான் கேள்வி எழுகிறது. அதன் சாளரம் தாழ்ந்திருப்பதால், சற்று உயரமான இரும்புக் குறிகளை வைத்தால் அவை சாளரத்தின் கீழ்ப்பகுதியில் தெரியும்.

வைத்துக்கொள்வதற்கு மூன்று காரணங்கள் கூறப்படுகின்றன. அவற்றுள் பலரும் முதலில் சொல்வது, மின்கலம் தீர்ந்தாலோ டயோடு பழுதுற்றாலோ இரும்புக் குறியால் சுடலாம் என்பது. இது மெய்யே. ஸ்லைடு ஒவ்வொரு குண்டுக்கும் பின்னோடி மோதித் திரும்புவதால் அதன்மேலுள்ள மின்னிணைப்புகளும் திருகுகளும் கடும் அதிர்ச்சிக்கு உள்ளாகின்றன. புள்ளி நடுவில் அணைந்துபோவது நேரக்கூடியதே. டயோடு திறந்திருக்கும் வகையில் ஒரு மழைத்துளி அதன்மேல் விழுந்தாலும் புள்ளி சிதறிப் பலவாகிவிடும். குளிரூட்டிய அறையிலிருந்து கடற்கரை நகரத்துப் புழுக்கத்திற்குக் கொண்டுவந்த மாத்திரத்தில் சாளரம் பனிபூத்துப்போவதும் உண்டு.

இரண்டாவது காரணம் புள்ளியைக் கண்டுபிடிப்பது பற்றியது. சாளரத்தின் அகலம் 25 மி.மீ., கண்ணிலிருந்து தூரம் 600 மி.மீ. எனக் கொண்டால், துப்பாக்கி நேர்நிலையிலிருந்து 1.2 பாகைக்கு மேல் சாய்ந்ததும் புள்ளி சாளரத்தை விட்டு மறைந்துவிடும். அப்போது கண்ணுக்கு எஞ்சுவது வெறுங்கண்ணாடியே. எப்பக்கம் திருப்பவேண்டும் என்ற குறிப்பும் இராது. புதிதாகப் பழகுபவர் துப்பாக்கியை அப்படியும் இப்படியும் ஆட்டிப் புள்ளியைத் தேடுவது இதனால்தான். இரும்புக் குறியோ எவ்வளவு சாய்ந்தாலும் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். முன்குறி உயர்ந்து தெரிந்தால் குழல்முனை உயர்ந்துள்ளது என்பது உடனே விளங்கும். இரும்புக் குறியில் தேர்ந்தவர் புள்ளிக்கு மாறும் முதற்சில மாதங்களில் இவ்வழிகாட்டுதல் பெரிதும் உதவுகிறது.

மூன்றாவதைப் பலர் கூறுவதில்லை. எனினும் அதுவே வலுவானது எனலாம். இரும்புக் குறி ஒரு சாட்சி. இரண்டையும் தனித்தனியே சுட்டுச் சரிசெய்து வைத்தபின், முன்குறியைப் பின்குறிப் பிளவில் நேர்நிறுத்தினால் புள்ளி வழக்கமாக எங்கே நிற்கிறது என்று கவனித்து வைக்கவேண்டும். ஒரு நாள் காலையில் அது வேறிடத்தில் நிற்குமானால் ஏதோ ஒரு திருகு தளர்ந்துள்ளது என்பது ஒரு குண்டும் சுடாமலே தெரிந்துவிடும். மின்கலத்தை அடிப்புறத்தில் வைக்கும் கருவிகளை மின்கலம் மாற்றக் கழற்றி மாட்டவேண்டியுள்ளது. அதன்பின் இச்சோதனை இன்றியமையாதது.

இனி, வேண்டா என்போர் கூற்றும் புறக்கணிக்கத்தக்கதன்று. புள்ளியின் சிறப்பெல்லாம் கண்ணை இலக்கின்மேல் நிறுத்துவதில் உள்ளது. சாளரத்தில் முன்குறி தெரிந்தால், பல ஆண்டுகள் அதனையே நோக்கிப் பழகிய கண் தானாகவே அதற்குத் திரும்பிவிடும். பலர் முதலில் இரும்புக் குறிகளை நேர்நிறுத்தி, பின்னர் முன்குறியின் உச்சியில் புள்ளியை ஏற்றி வைத்து, அதன்பின் சுடுகின்றனர். ஒரு வேலைக்குப் பதில் இரண்டு வேலை. நேரம் விரயமாவதோடு கண்ணும் முன்குறிக்கும் இலக்கிற்கும் இடையே அல்லாடுகிறது. மேலும் உயர்ந்த இரும்புக் குறி சாளரத்தின் கீழ்ப்பகுதியை மறைப்பதால், குறுகிய சாளரத்தில் பார்வை பரப்பு இன்னும் சுருங்குகிறது.

போட்டியில் கருவி பழுதுற்றால் இழப்பது ஒரு சுற்றின் புள்ளிகளே. காவல் துறையினரின் துப்பாக்கியில் அவ்வாறன்று. அங்கு இரும்புக் குறி கட்டாயம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. காவல் பணிக்குரிய இவ்விதியை விளையாட்டிற்கு அப்படியே கொண்டுவருவதுதான் விவாதத்தை நீட்டுகிறது. 5 மீட்டர், 7 மீட்டர் போன்ற அண்மை இலக்குகளில் புள்ளி அணைந்தாலும் சாளரத்தின் நடுவில் இலக்கை வைத்துச் சுட்டு ஓரளவு சமாளிக்கலாம். ஆகவே ஸ்லைடில் கருவி பொருத்துவோர்க்குப் பொருத்தமான வழி இதுவாகும்: முதலாண்டில் இரும்புக் குறிகளை வைத்துக்கொள்க, முன்குறியில் வெண்புள்ளியோ ஒளிரும் வண்ணமோ இல்லாத, மங்கிய கருநிறக் குறிகளாக அவை இருக்கட்டும், பாதுகாப்பான இடத்தில், வெறுந்துப்பாக்கியைக் கொண்டு, கண்மூடி உயர்த்திக் கண்திறக்கும் பயிற்சியில் புள்ளி ஒவ்வொரு முறையும் சாளரத்தில் நிற்கும் நிலை வந்தபின், விதிகள் இடம் தருமாயின், கழற்றுவதைப் பற்றி எண்ணலாம். கண் முன்குறிக்குத் திரும்பாதவர் கழற்றவேண்டிய அவசியமே இல்லை.

பழகுவோர் கவனிக்கவேண்டியவை

புள்ளி ஓயாது ஆடுவதைக் கண்டு புதியவர் அஞ்சுவர். இரும்புக் குறியிலும் கை அவ்வளவே ஆடியது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. புள்ளி நடுவிற்கு வரும் கணத்தைப் பிடிக்க எண்ணி விசையை வெடுக்கென இழுப்பதே பெருங்கேடு. ஆட்டம் ஆடட்டும், விசை மெல்ல அழுந்தட்டும் என்று சொல்லித்தர வேண்டும். இரு கண்களையும் திறந்து வைத்து இலக்கையே நோக்குக, புள்ளியை நோக்கலாகாது.

புள்ளி வட்டமாகத் தோன்றாமல் வால் முளைத்தோ நட்சத்திரம்போல் சிதறியோ தோன்றினால் கருவியைக் குறைகூறுமுன் ஒரு சோதனை செய்க. குண்டில்லாத நிலையில், துப்பாக்கியினின்று கழற்றிய குறிநோக்கியைக் கண்முன்னே பிடித்துச் சுழற்றவேண்டும். வால் கருவியோடு சேர்ந்து சுழன்றால் பழுது கருவியினுடையது. வால் அசையாது நின்ற இடத்திலேயே நின்றால், அது அஸ்டிக்மாட்டிசம் எனும் கண் குறையால் நேர்வது. கண் மருத்துவரை நாடவேண்டும். ஒளியை அளவுக்குமேல் கூட்டி வைத்தாலும் நல்ல கண்ணுக்கே புள்ளி ஊதிப்போய்த் தோன்றும். சுற்றுப்புற வெளிச்சத்திற்கேற்பத் தானே ஒளியை மாற்றிக்கொள்ளும் கருவிகள், நிழலில் நிற்பவர் வெயிலில் உள்ள இலக்கைச் சுடும்போது ஏமாற்றிவிடும். கருவி அளப்பது தான் இருக்கும் நிழலை.

குறிநோக்கி குழலுக்கு மேலே உயர்ந்து நிற்பதால் அண்மை இலக்கில் குண்டு சற்றுத் தாழ்ந்துபடும். உயரம் 40 மி.மீ. என்றும் 25 மீட்டருக்குச் சரிசெய்யப்பட்டது என்றும் கொண்டால், 5 மீட்டரில் குண்டு 32 மி.மீ. தாழும். 25 மீட்டருக்கென அமைத்த குறியை இத்தாழ்வைக் கண்டு திருகித் திருத்துவது கூடாது. திருகுகளை உரிய இறுக்கத்தில் பசையிட்டு முறுக்கியபின், திருகின் தலைக்கும் உடலுக்கும் குறுக்கே வண்ணக்கோடு ஒன்று இழுத்து வைப்பது வழக்கம். கோடு முறிந்து தெரிந்தால் திருகு அசைந்துள்ளது என்பது பொருள். அப்போது மீண்டும் முறுக்கிவிட்டுப் போட்டிக்குச் செல்லாமல், 25 மீட்டரில் ஐந்து குண்டுகளேனும் சுட்டுப் புள்ளியின் நிலையைச் சரிபார்த்துக்கொள்ளவேண்டும்.